மூடி இருக்கிறதா என்று பாருங்கள்

முழங்கால் வலி தாங்காமல் நான் இந்த நர்சரி வேலையிலிருந்து நின்ற அன்று சாயங்காலம், பச்சை வலைக் கூடாரத்துக்குள் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். மேடம் என்னைப் பார்த்து, "அக்கா, புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வரவில்லை. சர்ச் பாடகர் குழுவிலேயே கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைக்கிறவள் நான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றும் மாரிதான், "உடுங்க மேடம், யக்காவுக்கு மூடி இன்னும் தொறக்கல" என்றான். பழையவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் போண்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று சொல்ல முடியாததை எழுதித் தருகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எந்த டிரம்மில் மழைத் தண்ணீர், எதில் போர் தண்ணீர் என்பதையெல்லாம் மாரி சொல்லித் தருவான். செம்பாக்கத்துப் போர் தண்ணீரை இந்தப் பூச்சி தின்னும் செடிகளுக்கு ஊற்றினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட, அவனிடம் வெள்ளை உப்புப் பூத்த வாளி ஒன்று இருக்கிறது. அதைக் காட்டாமல் யாரையும் விடமாட்டான். நான் சொல்ல வந்தது வேறு. இந்த நர்சரியில் எனக்கு இரண்டாவது வருஷம் நடந்தது.

அதற்கு முன் நான் தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். பத்தாவது முடித்ததும் போய்ச் சேர்ந்த வேலை. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, நூல் பிசிறு தொங்குகிறதா என்று பார்த்து, சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். அங்கே கேள்வி கேட்டால் சூப்பர்வைசர், "பீஸைப் பாரும்மா, என் மூஞ்சில என்ன இருக்கு" என்பார். அதனால் கேட்காமலே வேலை செய்யப் பழகிவிட்டேன். கம்பெனி மூடியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் இங்கே வந்தேன். மேடம் என்னைவிடப் பல வயது சின்னவர். முதல் நாளிலிருந்து அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன்.

உங்களுக்குக் குடுவைச் செடியைத் தெரியும். இலையின் நுனி கொடிபோல நீண்டு, அதன் முனையில் ஜாடி தொங்கும். உள்ளே நீர் இருக்கும். எறும்பு வழுக்கி விழுந்தால் செடிக்குச் சாப்பாடு. அந்த ஜாடியை அப்போது நாங்கள் இங்கே கப் என்றுதான் சொல்வோம். "இதுல எத்தனை கப் வந்திருக்கு", "கப் காஞ்சிடுச்சு" என்றுதான் பேச்சு. இந்தச் சின்ன வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. மேடத்திடம் இருந்தது பெண். கோவிலம்பாக்கத்தில் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் மாடியில் ஓர் ஆண் செடி வைத்திருந்தார். இரண்டும் ஒரே சமயத்தில் பூப்பது அபூர்வம். அந்த வைகாசியில் பூத்தன. சார் மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து, டிபன் பாக்ஸில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். மேடம் பெயின்ட் பிரஷால் தொட்டுத் தொட்டு வைத்தார். காய் பிடித்தது. ஆடியில் சார் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் அந்த ஆண் செடிக்குத் தினமும் போர் தண்ணீர் ஊற்றினார். சார் திரும்பி வந்தபோது கொடி கருகியிருந்தது. வேரும் போய்விட்டது.

ஆக, மேடத்தின் செடியில் இருந்த காய்கள்தான் அதனிடமிருந்து மிச்சம். இன்னொரு முறை செய்து பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆவணியில் காய் வெடித்தது. விதை எப்படி இருக்கும் தெரியுமா? நூல் பிசிறு. என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் வெட்டிப் போட்ட பிசிறை இங்கே விதைக்கிறார்களே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. இருபத்து நாலு சின்னத் தொட்டிகளில் காய்ந்த பாசியை நனைத்துப் போட்டு, அதன்மேல் தூவினோம்.

புரட்டாசிக் கடைசியில் மேடத்தின் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். பெங்களூரில் தம்பி வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படியும் இரண்டு மாதம் ஆகும் என்றார். கிளம்பும்போது கையில் பையோடு கூடாரத்துக்குள் வந்தார். வெளியே டாக்சி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்த இருபத்து நாலும் உங்க பொறுப்பு. இன்னும் கொஞ்ச நாள்ல பச்சையா வரும். அதுல குட்டிக் குட்டியா கப் வரும். கப் வர்றதுதான் பிள்ளை. மத்தது எது வந்தாலும் களை, எடுத்துடுங்க."

"சரி மேடம்."

"ஏதாவது டவுட்டா?"

"இல்ல மேடம்."

டவுட் இருந்தது. பிள்ளை எவ்வளவு பெரிதாக இருக்கும், எந்த உருவத்தில் வரும் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. டாக்சி ஹாரன் அடித்தது. நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. பத்து நாளில் தொட்டிகளில் இரண்டு விதமான பச்சை வந்தது. ஒன்று, எங்கே பார்த்தாலும் முளைக்கும் கீரைக் குஞ்சு மாதிரி இரண்டு இலையோடு, கண்ணை இடுக்கினால்தான் தெரியும் அளவுக்கு இருந்தது. இன்னொன்று தட்டையாக, உளுந்து அப்பளத்தைக் கிள்ளிப் போட்டதுபோலப் பாசியின்மேல் ஒட்டிக்கொண்டு படர்ந்தது. அழகான பச்சை. தினமும் வளர்ந்தது. ஒருநாள் காலையில் பார்த்தேன். அந்த அப்பளத்தின் நடுவில் குட்டிக் குட்டியாக, கடுகு அளவில், விளிம்பெல்லாம் பூவேலை செய்ததுபோலக் கப்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேடம் சொன்னது அப்படியே நடக்கிறது. கப் வருவதுதான் பிள்ளை.

என் போனில் படம் எடுத்தேன். லென்ஸில் விரிசல் இருந்ததால் எப்போதும் மூட்டமாகத்தான் விழும். அனுப்பினேன். மேடம் ஆஸ்பத்திரியிலிருந்து வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "அக்கா, ப்ளர்ரா இருக்கு, ஆனா பச்சையா தெரியுது. கப் வந்துடுச்சா? சூப்பர்க்கா. நீங்க இருக்கறதால நான் நிம்மதியா இருக்கேன்." அந்தக் கடைசி வரியை நான் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன்.

பிறகு நடந்ததை எழுத இன்றும் கை கூசுகிறது. அந்த அப்பளப் பச்சைக்கு நான் தாய்மாதிரி ஆகிவிட்டேன். காலையும் சாயங்காலமும் ஸ்ப்ரேயரால் மேலே மழைத் தண்ணீரைத் தூவினேன். சில தொட்டிகளில் அது குறைவாக இருந்தது. நிறைய இருந்த தொட்டியிலிருந்து இடுக்கியால் சின்னத் துண்டு எடுத்து, இல்லாத தொட்டிகளில் நட்டேன். மேடம் வந்து பார்க்கும்போது எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரி நிறைந்திருக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு இலைக் கீரைக் குஞ்சுகளை, களைதானே என்று, ஒவ்வொரு தொட்டியாகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு நாளைக்கு ஒரு தொட்டிதான் முடியும். அவ்வளவு பொடிசு.

மாரி தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்ப்பான். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். சும்மா நிற்கவே தெரியாது.

"இன்னா யக்கா, கொயந்தைங்களுக்குத் தொட்டில் கட்டிக்கினு கீறியா?"

"போ மாரி."

"சோக்காதான் கீது. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. எங்க வூட்டாண்ட பாத்ரூம் செவுத்துல இதே மாரி ஒண்ணு மொளச்சிக்கினு கீது. அதுவும் பூச்சி துன்னுமா?"

இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அன்றைக்கு அந்தக் கூடாரத்தில் சரியான கேள்வியைக் கேட்டவன் மாரி ஒருவன்தான். அவன் கேலியாகக் கேட்டதால் நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது தொட்டி முடித்துவிட்டேன். பத்தாவது தொட்டியில் நாலாவது களையைப் பிடுங்கியபோது, அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. நடுவில் மூன்றாவது இலை வந்திருந்தது. அதன் நுனி மட்டும் வீங்கியிருந்தது. பூச்சி கடித்து வீங்கியிருக்குமோ என்று பார்க்க, மேடத்தின் மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவந்தேன். கம்பெனிப் பழக்கத்தில் அந்த முளையை உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு, அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு திருப்பினேன்.

வீக்கம் இல்லை. ஜாடி. எள்ளின் பாதி இருக்கும். வாய் இருந்தது. வாய்க்கு மேலே, வாசலில் தொங்கும் பெரிய செடியில் இருப்பது போலவே, ஒரு மூடி.

நான் அப்பளப் பச்சையின் கப்பையும் கண்ணாடியில் பார்த்தேன். அதற்கு மூடி இல்லை. திறந்த கிண்ணம். உள்ளே பச்சைத் துகள்கள் நிறைந்திருந்தன. மறுபடியும் முளையைப் பார்த்தேன். மூடி. மறுபடியும் கிண்ணம். மூடி இல்லை.

எத்தனை முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. மாரி வந்து, "இன்னா யக்கா, மோதிரம் எதுனா உழுந்துச்சா?" என்று கேட்டபோது, நான் கீழே உட்கார்ந்து குப்பைக் கூடையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்பது நாள் பிடுங்கிய பிள்ளைகள் காய்ந்து கிடந்தன.

பிள்ளையைப் பிடுங்கிக் களையை வளர்த்திருக்கிறேன். அதோடு விடாமல், களையைத் தொட்டி தொட்டியாக நட்டும் வைத்திருக்கிறேன்.

அன்று மதியம் எனக்கு இரண்டு வழி இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. மேடம் வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. "விதை சரியா மொளைக்கல மேடம்" என்று சொன்னால் நம்பிவிடுவார். நான் அப்படி யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கம்பெனியில் ஒருமுறை தையல் விட்ட சட்டை ஒன்றைப் பார்த்தும் பார்க்காததுபோல் கட்டுக்குள் வைத்துவிட்டேன். அந்தக் கட்டைத் தேடி முழு லாட்டையும் பிரித்தார்கள். மறைத்த ஒரு பீஸுக்காக நூறு பீஸைப் பிரிக்க வேண்டிவரும் என்பதை அங்கேதான் பார்த்தேன். இங்கே இன்னும் பதினைந்து தொட்டிகளில் நான் களை எடுத்து முடிக்கவில்லை. அவற்றில் பிள்ளைகள் அப்பளப் பச்சைக்கு அடியிலும் இடுக்கிலும் உயிரோடு இருந்தன. நான் மறைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பச்சை அவற்றை மூடிக்கொண்டே போகும்.

வாய்ஸ் மெசேஜ் மூன்று தடவை பேசி, மூன்று தடவையும் அழித்தேன். பிறகு போன் செய்தேன்.

"மேடம், கப்னு நீங்க சொன்னீங்க இல்ல. நான் வேற கப்ப வளர்த்துட்டேன்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு மேடம் மெதுவாக, "தட்டையா, தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கா? கிண்ணம் கிண்ணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அது லிவர்வொர்ட்னு ஒரு களைக்கா. ஐயோ. எத்தனை தொட்டி?" என்றார். எல்லாத்திலும் என்றேன். எத்தனை பிடுங்கினேன் என்பதையும் சொன்னேன். மேடம் திட்டவில்லை. "நான் சாரை அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

கோவிலம்பாக்கத்து சார் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். கையில் சமையல் வினிகர் பாட்டில், தோளில் புத்தம் புது ஸ்ப்ரேயர். தொட்டிகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அவருடைய செடியின் பிள்ளைகள் அவை.

"இன்டர்நெட்ல எல்லாரும் வினிகர்தான் சொல்றாங்க. அடிச்சா ஒரே நாள்ல கருகிடும். எல்லாத் தொட்டியையும் வரிசையா வைங்கம்மா."

பாட்டிலைத் திறந்தார். ஊறுகாய் வாசனை கூடாரம் முழுக்க வந்தது. கம்பெனியில் சாயம் போகுமா என்று தெரியாத துணி வந்தால், ஒரே ஒரு பீஸைத்தான் முதலில் தண்ணீரில் போடுவார்கள். லாட்டை ஒருபோதும் போடமாட்டார்கள். ஆனால் அதை நான் எப்படி சாரிடம் சொல்வது? அவர் படித்தவர். நான் தப்புச் செய்தவள்.

"சார்" என்றேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "சார், ஒரு தொட்டியில மட்டும் போட்டுப் பாக்கலாமா?"

"டைம் இல்லம்மா. நாளுக்கு நாள் மூடுது."

"மூணு நாள் சார்."

"மூணு நாளா? ஏம்மா, இதை வளர்த்ததே நீங்கதானே. இப்ப நீங்களே வெயிட் பண்ணச் சொல்றீங்க."

அது சரியான இடத்தில் குத்தியது. கண் கலங்கிவிட்டது. ஆனால் என் கை மட்டும் ஸ்ப்ரேயரின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது.

மாரி குடத்தை இறக்கி வைத்தான். "சார், யக்கா இத்தினி நாள்ல வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதே இப்பதான். ஒரு தபா குடுத்துட்டுப் போயேன் சார். பிரேக்கு புடிக்குதான்னு பாக்காம யாராச்சும் மேம்பாலத்துல ஏறுவாங்களா?"

சார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "சரி. எந்தத் தொட்டி?"

கேட்கும்போது எளிதாகத் தெரிந்தது. தேர்ந்தெடுக்கும்போதுதான் தெரிந்தது, அது கொடுமையான வேலை. மிச்சமிருந்த எல்லாத் தொட்டியிலும் பிள்ளை இருக்கிறது. ஒவ்வொன்றையும் கண்ணாடியில் பார்த்து, குறைவாக இருந்ததை எடுத்தேன். இரண்டே பிள்ளை. அந்த இரண்டும் போகலாம் என்று தெரிந்தேதான் சாரிடம் நீட்டினேன்.

மறுநாள் காலை அப்பளப் பச்சை பழுப்பாகியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் நிமிர்ந்து நின்றன. மாரி அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு சார் போன் செய்தார். "பாத்தீங்களா? ஒரு நாள் வீணாப் போச்சு. நான் வரேன்."

"மூணு நாள்னு சொன்னீங்க சார்" என்றேன். அவர் சொல்லவே இல்லை, நான் சொன்னதுதான். ஆனால் அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

அந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் களையை உட்கார்ந்து பார்த்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதுவரை நான் அதை ஆசையாகத்தான் பார்த்திருந்தேன், கவனித்துப் பார்க்கவில்லை. முதலில் கண்ணில் பட்டது வரிசை. நான் நடாத தொட்டிகளில், எங்கே அது அடர்த்தியாக இருந்ததோ அதற்கு நேர் மேலே வலையில் தையல் இருந்தது. மழை பெய்தால் அந்தத் தையல் வழியாகத்தான் சொட்டும். சொட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

என் டிபன் பாக்ஸின் வெள்ளை மூடியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். விரலை நனைத்து, உயரத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சொட்டு. வெள்ளை மூடியில் பச்சைப் புள்ளிகள். கண்ணாடியில் பார்த்தேன். கிண்ணத்துக்குள் இருந்த துகள்கள்தான். சொட்டு விழுந்த வேகத்தில் சிதறி வெளியே குதித்திருந்தன. மூடியைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி வைத்தபோதும் ஒன்றிரண்டு வந்து விழுந்தன.

அந்தக் கிண்ணம் அதற்காகத்தான் இருக்கிறது. நம் செடியின் கப் மழைநீர் உள்ளே விழாமல் மூடி போட்டுக்கொள்கிறது. இதன் கப் மழை விழட்டும் என்று திறந்து வைத்துக் காத்திருக்கிறது. நான் காலையும் சாயங்காலமும் மேலே தண்ணீர் தூவினேனே, அது மழைதானே. இடுக்கியால் நான் நட்டது கொஞ்சம். ஸ்ப்ரேயரால் நட்டதுதான் அதிகம்.

மூன்றாம் நாள் காலை சார் வந்தபோது, வினிகர் அடித்த தொட்டியைக் கையில் கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டும் வெந்த கீரைபோலக் கண்ணாடி நிறமாகிச் சாய்ந்திருந்தன. சார் பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, தோளிலிருந்த ஸ்ப்ரேயரைக் கழற்றி, ஸ்கூட்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"இப்ப என்ன பண்ணலாம்மா?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

என் கைப்பையில் அந்த நூல் கத்தரி இன்னும் இருந்தது. கம்பெனியில் கடைசி நாள் திருப்பிக் கொடுக்க மறந்தது. தொங்கும் நூலை இழுக்கக் கூடாது, இழுத்தால் தையல் முழுக்க வரும் என்பது செக்கிங்கில் முதல் பாடம். இந்தப் பச்சையும் அப்படித்தான். அடியில் மயிர்போல ஆயிரம் பிடிப்பு. ஒரு ஓரத்தைப் பிடித்து உரித்தால், பிள்ளையின் வேரும் சேர்ந்து வந்துவிடும். அதனால் உரிக்கவில்லை. இடது விரலால் பிள்ளையின் அடியை அமுக்கிக்கொண்டு, பச்சையைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டமாக எடுத்தேன். பிள்ளையை ஒட்டியிருந்ததை அப்படியே விட்டேன். அதற்கு ஆசைப்பட்டால் பிள்ளை போகும். கிண்ணம் இருக்கும் கட்டத்தை முதலில், தண்ணீர் படாமல் எடுக்க வேண்டும். சாரும் தினமும் ஸ்கூட்டரில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு நூல் கத்தரி பழக்கமில்லாததால் கண்ணாடி பிடிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தேன். மாரி தொட்டிகளை வலைத் தையலிலிருந்து தள்ளி வைத்து, மேலே பாலிதீன் கட்டினான். தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஊற்றினோம். மேல்பரப்பு காயட்டும் என்று விட்டோம். பத்து நாள் ஆயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முன்வாரம் மேடம் வந்தார். பையை இறக்காமலே கூடாரத்துக்குள் வந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை எழுதியவர்கள்போல வரிசையாக நின்றோம். பதினான்கு தொட்டிகளில், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பிள்ளைகள். ஒவ்வொன்றிலும் எள் மாதிரி ஜாடி.

"அக்கா" என்றார். "நான் கப்னு சொன்னேன். மூடின்னு சொல்லல."

"நான் கேக்கல மேடம்" என்றேன்.

மாரி சும்மா இருப்பானா? "மேடம், இந்தச் செடி மாரிதான் யக்காவும். வாயில ஒரு மூடி கீது. அது எப்ப தொறக்கும்னு யாருக்கும் தெரியாது. தொறந்தா ஸ்ப்ரேயரையே புடிச்சிக்கும்."

அன்றிலிருந்து இந்த நர்சரியில் யாரும் கப் வந்ததா என்று கேட்பதில்லை. மூடி வந்ததா என்றுதான் கேட்போம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்றை சார் கோவிலம்பாக்கத்துக்கு எடுத்துப் போனார். இன்னொன்று கேட் பக்கத்தில், குனியாமல் போனால் தலையில் இடிக்கிறதே, அது. போன வருஷம்தான் முதன்முதலாகப் பூத்தது. ஆண் பூ. மேடம் சாருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இத்தனைக்கும் காரணமான அந்த அப்பளப் பச்சையை நாங்கள் முழுக்க ஒழிக்கவில்லை. ஒரு தொட்டியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மேடம் ஏன் என்று கேட்டபோது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நானாக ஒரு கேள்வி கேட்டேன். "மேடம், இது என்ன செடி? எதுக்கு இப்படி இருக்கு?" மேடம் உட்கார்ந்து சொன்னார். பூ கிடையாது, விதை கிடையாது, ஒழுங்கான வேர்கூடக் கிடையாது. ஈரல் போல இருப்பதால் லிவர்வொர்ட் என்று பெயராம். மார்கழிப் பனியில் அதில் ஈர்க்குச்சியில் குத்தியதுபோலக் குட்டிக் குடைகள் எழும்பின. மாரி அதைப் பார்த்துவிட்டு, "எங்க பாத்ரூம்ல குடை வர்ல யக்கா" என்று வருத்தப்பட்டான்.

அந்தத் தொட்டி மோட்டார் ரூமுக்குப் பின்னால், நிழலில், மற்ற செடிகளுக்கு எட்டாத தூரத்தில் இன்னும் இருக்கிறது. வெயில் காலத்தில் செத்தது போலாகி, மழையில் மறுபடி வரும். அதில் என் கையெழுத்தில் ஓர் அட்டை குத்தியிருக்கிறேன். நீங்கள் சேர்ந்த முதல் வாரம், உங்களில் ஒருவர் அதைக் களை என்று பிடுங்கப் போய், அட்டையைப் படித்துவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னிடம் வந்து, "அக்கா, அப்ப எது பிள்ளை?" என்று கேட்டீர்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும். அன்று முழுவதும் எனக்கு முழங்கால் வலிக்கவில்லை.

அட்டை மழையில் அழிந்துகொண்டு வருகிறது. அழிந்தால் யாராவது திரும்ப எழுதி வையுங்கள். மூன்றே வார்த்தைதான்: இது பிள்ளை இல்லை.